மூன்று தட்டு, பிறகு ஒன்று

மோர்வென் ஸ்பேனரை ஓங்கி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயின் மேல் மூன்று முறை அடித்தாள். டங். டங். டங்.

அடித்துவிட்டுக் குழாயின் வாயில் காதை வைத்தாள். நவம்பர் மாதத்து இரும்பு காதுமடலைக் கடித்தது. இன்னும் சில நிமிடங்களில் இந்தக் குழாய் வழியாகச் சிமென்ட் கூழ் இறங்கப் போகிறது. கீழே யாராவது இருந்தால் அவ்வளவுதான், கல்லறை தனியாகத் தோண்ட வேண்டாம்.

கீழே யாரும் இருக்க முடியாது. அது அவளுக்கே தெரியும். நாற்பது மீட்டர் ஆழத்தில் கிடப்பது எழுபது வருடங்களுக்கு முன் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம். அதன் மேல் புல் வளர்த்துக் கோல்ஃப் ஆடினார்கள். ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்ததும் கிளப்பை இழுத்து மூடினார்கள். இப்போது முந்நூறு வீடுகள் வரப்போகின்றன. வீடு வருவதற்கு முன் கீழே இருக்கும் பொந்துகளையெல்லாம் துளை போட்டு அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு இன்ஜினியர் மோர்வென். இது இருநூற்றுப் பன்னிரண்டாவது துளை. இதுவரை போட்ட எந்தத் துளையிலும் தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை.

இதில் மட்டும் சற்று முன் மூன்று தட்டு கேட்டது. நிதானமாக, இடைவெளி விட்டு, தட்டுகிற கைக்கு எந்த அவசரமும் இல்லாததுபோல. முதல் தடவை பிரமை என்று நினைத்தாள். இரண்டாம் தடவை கேட்டதும்தான் ஸ்பேனரை எடுத்தாள்.

இப்போது கீழேயிருந்து பதில் வந்தது.

ஒன்றே ஒன்று. டங்.

வாக்கி டாக்கியை அழுத்தினாள். "மன்ரோ! பம்ப்பைப் போடாதீங்க. கீழ யாரோ இருக்காங்க!"

"கீழ எலி கூட இல்ல, மேடம்." ஃபோர்மேன் மன்ரோவின் குரல் கரகரத்தது. "கூழு ரெடியா நிக்குது. நேரமானா ஹோஸ்லயே இறுகிடும், அப்புறம் உளியை வெச்சுத்தான் உடைக்கணும். பத்து நிமிஷம் தரேன். அதுக்கப்புறமும் நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

கடலிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் மதியம் இரண்டு மணிக்கே மைதானத்தை விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து டூகல் வெளியே வந்தார், ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு. அறுபத்தொரு வயது. துளை போடும் இயந்திரம் அவர் பொறுப்பு.

"என்ன அம்மாடி, குழாய்கிட்ட ரகசியம் பேசிட்டிருக்கே? கோல்ஃபுக்குப் பதினெட்டுக் குழி இருந்த எடத்துல இருநூத்துச் சொச்சம் போட்டுட்டோம். இந்த ஊர்ல எவனும் இவ்ளோ ஆடினதில்ல, போ."

"மூணு தட்டு கேட்டுது, டூகல். நானும் மூணு தட்டினேன். உடனே ஒண்ணு வந்துது."

கோப்பை அவர் உதட்டருகே அப்படியே நின்றது.

"நீ எத்தன தட்டின?"

"மூணு. வந்தமாதிரியே திருப்பித் தட்டினேன். எவனாவது உள்ள மாட்டிக்கிட்டிருந்தா, எங்களுக்குக் கேட்டுடுச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

டூகல் தேநீரைப் புல்லில் கொட்டினார். "எங்கப்பா இந்தச் சுரங்கத்துல ஆளுங்கள ஏத்தி இறக்கற கூண்டை இழுக்கற இன்ஜின் ஓட்டினவரு. சாப்பாட்டு மேசையில கூட தட்டித் தட்டித்தான் பேசுவாரு. கீழேருந்து மூணு தட்டினா, ஆளுங்க ஏறப் போறோம்னு அர்த்தம். மேல இருக்கறவன் திருப்பி மூணு தட்டணும். அது உத்தரவு. சரி, ஏறுங்கன்னு."

"அப்போ அந்த ஒண்ணு?"

"கூண்டை மேல தூக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் பூட்ஸின் அடியில் ஏதோ உறுமியது. காதுக்கு வரவில்லை, உள்ளங்காலில் மட்டும் தெரிந்தது. பெரிய சக்கரம் ஒன்று வருஷக்கணக்கான துருவை உதிர்த்துக்கொண்டு மெல்லச் சுற்ற ஆரம்பிப்பதைப் போன்ற அதிர்வு. பிறகு அதன் வேகம் கூடியது.

"கூண்டு எந்தக் கிணத்து வழியா ஏறும்?" என்று கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

இந்த மைதானத்தில் சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் கிணறு ஒன்றுதான். அதன் வாயில் கான்கிரீட் மூடி போட்டு, மேலே மண் பரப்பியிருக்கிறார்கள். கிணற்றின் மேல் வீடு கட்டக் கூடாது என்பது விதி. கட்ட முடியாத அந்த இடத்தைத்தான் ஊருக்குப் பொதுப் புல்வெளி என்று கம்பெனி தாரை வார்த்தது. வரைபடத்தில் அதற்குப் பச்சை வண்ணம் அடித்தவளே மோர்வென்தான். இன்று அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரக்கன்று நடுகிறார்கள். இருபத்திரண்டு பேர்.

அதில் ஒருவன் ஃபின்லே. அவள் மகன். எட்டு வயது.

ஓடினாள்.

மூட்டம் வாய்க்குள் புகுந்தது. உப்பும் ஈரமுமாக மணத்த மூட்டத்தில் இப்போது வேறொரு வாடையும் கலந்திருந்தது, பழைய லாந்தர் எண்ணெயும் வியர்வையும் நனைந்த கரியும் பல வருஷம் ஒரே அறையில் அடைந்து கிடந்ததுபோன்ற வாடை. ஒரு காலத்தில் பந்து உருண்ட புல் இடுப்பளவு வளர்ந்து கால்களைப் பின்னிக்கொண்டது. மணல் பள்ளம் ஒன்றில் முகம் குப்புற விழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே எழுந்தாள். தரைக்கு அடியில் அந்த உறுமலும் கூடவே வந்தது. கூட வந்தது, அவளைத் தாண்டியது, முன்னால் போனது. எவ்வளவு ஓடியும் அதற்குப் பின்னால்தான் அவளால் ஓட முடிந்தது.

தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. எவனோ யார் மேலோ சேற்றை எறிந்துவிட்டான். ஒரு சிறுமி கீச்சென்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றது.

பாதியில். எல்லாருடையதும். ஒரே சமயத்தில்.

உறுமலும் நின்றது.

"ஃபின்லே!"

பதில் இல்லை. காற்று இல்லை. காக்கை கூட இல்லை.

மஞ்சள் நிறம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பிறகு இன்னொன்று. மஞ்சள் மேலங்கி போட்ட பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அவர்களின் ஆசிரியை மிஸ் பெத்யூன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"...இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. அப்பாடா! நீங்களா? பயந்தே போயிட்டேன். மூட்டம் திடீர்னு கவிஞ்சுது பாருங்க, என் கையே எனக்குத் தெரியல. ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள தானாவே வந்து கயித்தைப் புடிச்சு நிக்குதுங்க, வாலுங்க. இவ்ளோ அடக்கமா இதுங்கள நான் பார்த்ததே இல்ல. வாராவாரம் இங்கயே கூட்டிட்டு வந்துடலாம் போல."

ஏழாவதாக ஃபின்லே நின்றான். மோர்வென் சேற்றில் மண்டியிட்டு அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் நெற்றி, அவன் காது, முன்பற்களுக்கு நடுவில் அந்த இடைவெளி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கிழவர் சொன்ன கதையைக் கேட்டு இப்படியா ஓடி வருவாள், படித்த ஒரு இன்ஜினியர்?

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் மன்ரோ கரகரத்தார். "மேடம், பத்து நிமிஷம் ஆச்சு. என்ன செய்யட்டும்? பம்ப்பைப் போடவா, கூழை வெளிய கொட்டிடவா?"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்க, மன்ரோ. கீழ யாருமில்ல." மூக்கை உறிஞ்சினாள். "போடுங்க."

தொலைவில் பம்ப் இருமியது. பிறகு சீராக ஓட ஆரம்பித்தது.

"வீட்டுக்குப் போலாம்டா, செல்லம்" என்று அவன் கையைப் பிடித்தாள்.

கை சொரசொரவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. தோலுக்கு அடியில் நீலநீலமாய்க் கோடுகள், வெட்டுக் காயத்துக்குள் கரித்தூள் புகுந்து அப்படியே ஆறிப்போன கோடுகள். காலையில் கையுறை மாட்டிவிட்டபோது இந்தக் கை இப்படி இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஃபின்லேயுடையதுதான். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சாம்பல் வெளிச்சம் கூடத் தாங்கவில்லை என்பதுபோல ஒரு கையை நெற்றியில் வைத்து மறைத்திருந்தான்.

அவன் மட்டுமல்ல. கயிற்றைப் பிடித்திருந்த எல்லாரும்.

மூட்டத்துக்குள்ளிருந்து டூகல் இரைக்க இரைக்க வந்தார். பிள்ளைகளைக் கண்டதும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"மோர்வென். எண்ணிக்கை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அதுக்குத்தான் பயந்தேன்." மூச்சு வாங்கினார். "நீ ஓடிட்ட. முழுசாக் கேக்கல. கிணத்துல ஒரு கூண்டு இல்ல அம்மாடி, ரெண்டு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே இன்ஜின். ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போகும். போயே ஆகணும். எத்தன பேர் ஏறி வந்தாங்களோ, அத்தன பேரு..."

அவர் தன் காலடித் தரையைப் பார்த்தார்.

மோர்வென் வாக்கி டாக்கியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். "நிறுத்துங்க! மன்ரோ, நிறுத்துங்க! மன்ரோ!"

"ஒண்ணுமே கேக்கல, மேடம், பம்ப் சத்தம்" என்று மன்ரோ உற்சாகமாகக் கத்தினார். "அருமையான துளை! கொஞ்சம் கூட எதிர்ப்பில்ல, போட்டதெல்லாம் குடிக்குது. ஒரேயடியா முடிச்சுடறேன்!"

புல்வெளியின் நடுவே, கிணற்றின் விஷவாயு வெளியேற நட்டிருந்த இரும்புக் குழாய் மெல்ல அதிர்ந்தது.

கயிற்றைப் பிடித்திருந்த இருபத்திரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள்.

குழாய்க்குள் ஆழத்தில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று இல்லை. ஒன்று இல்லை. நிறைய. சின்னச் சின்னதாக, ஒன்றின் மேல் ஒன்றாக, முறையும் இடைவெளியும் இல்லாமல், கிடைத்த இடத்திலெல்லாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.