இரண்டு முடிச்சு

படுக்கை சூடாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தலையணைப் பள்ளத்திலும், இடுப்பு அழுந்தும் இடத்திலும், இப்போதுதான் ஓர் ஆள் எழுந்து போனது போன்ற வெதுவெதுப்பு. நேற்றிலிருந்து அவள் மேல்தளத்தில் சுக்கானைப் பிடித்தபடி நின்றிருந்தாள். படகில் வேறு யாரும் இல்லை.

பெரிய பாய்மரப் படகுதான். மாதக்கணக்கில் கரையைப் பார்க்காமல் ஓடுவதற்கென்றே கட்டியது. தனித்தனி அறைகள், அடுப்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனால் நடுக்கடலில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது படுக்கத் தோதானது நடுவில் இருந்த இந்தக் குறுகலான கட்டில் ஒன்றுதான். அதனால் கணவனும் அவளும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மேலே காவல், ஒருவர் கீழே தூக்கம். அவள் இறங்கி வரும்போது அவன் எழுந்து இடம் விடுவான். அவள் உருண்டு விழாமலிருக்கக் கட்டில் ஓரத்துக் கித்தான் தடுப்பை மேலே இழுத்து இரண்டு முடிச்சுப் போடுவான். பிறகு பாதத்தில் ஒரு தட்டு.

"மேடத்த பத்திரமா கட்டியாச்சு. இனி கேப்டன் பாத்துக்குவான்."

"கேப்டன் முதல்ல கொக்கிய மாட்டிக்கட்டும்" என்பாள்.

மேல்தளத்தின் நீளத்துக்கு ஒரு நாடா ஓடும். இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவன் நடக்க நடக்க, கொக்கி அவள் தலைக்கு மேல் சர்ரென்று இழுபடும். அந்தச் சத்தம் இருந்தால் அவன் இருக்கிறான். அவள் தூங்கிவிடுவாள்.

அவன் கடலில் விழுந்த அன்று சத்தம் முன்பக்கம் போய் நின்றிருக்க வேண்டும். பாய்க்கயிறு சிக்கியிருக்க வேண்டும். கை எட்டாமல் கொக்கியைக் கழற்றியிருக்க வேண்டும். அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண் எரியும்வரை அந்தத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். பிறகுதான் படகை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

சாட்டிலைட் போன் அடித்தது. மகள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"பொய் சொல்லாத." கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, உன் படகு எனக்கு மேப்ல தெரியுது. கொஞ்ச தூரம் வர்ற. மறுபடி அங்கேயே போயிடற."

"எங்க?"

"அப்பா விழுந்த இடத்துக்கு. தேடினது போதும்மா. அந்தப் பக்கம்தான் புயல் வருது. எனக்கு நீயாவது வேணும்."

படகை அங்கே திருப்பியது அவள் அல்ல. தூங்கி எழும்போதெல்லாம் படகு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆட்டோபைலட் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அதனால்தான் நேற்றிலிருந்து கண்மூடாமல் கையாலேயே ஓட்டினாள்.

"இனிமே தூங்க மாட்டேன்" என்றாள். "நேரா உன்கிட்டதான் வர்றேன்."

போனை எதிர்ப்பக்க மேசையில் வைத்தாள். மேலே போக வேண்டும். ஏணியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

ஓர் ஆள் எழுந்து போன படுக்கை எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்? சீக்கிரம் ஆறிவிடும்.

ஆறுவதற்குள் ஒரு முறை. ஒரே ஒரு முறை.

ஏறிப் படுத்தாள். கன்னத்தைத் தலையணையில் பதித்தாள். அவனுடைய சவர சோப்பு, சட்டையிலிருந்து போகவே போகாத டீசல் வாடை, அதற்கு அடியில் வேறொன்று. பாசி படிந்த நங்கூரச் சங்கிலியை மேலே இழுக்கும்போது வருமே, அந்த வாடை. தலையணை நனைந்திருந்தது. அவளுடைய கண்ணீர் என்று நினைத்தாள். நாக்கில் பட்டது. உப்புதான். ஆனால் மணலும் இருந்தது.

கண்ணைத் திறக்கவில்லை. சூடு உடம்பெங்கும் ஏறியது. எத்தனை நாள் குளிர் அது.

கித்தான் மெல்ல உயர்ந்தது.

காற்று, என்று நினைத்தாள். கீழே காற்று வராது.

ஒரு முடிச்சு.

கண்ணைத் திறந்தாள். கித்தானின் விளிம்பில் விரல்கள். வெளுத்து, ஊறி, தோல் கையுறை போலக் கழன்று தொங்கின. உப்பிய சதைக்குள் மோதிரம் புதைந்திருந்தது. அவை அவசரப்படவில்லை. அவள் விழுந்துவிடக் கூடாது என்று எப்போதும் போல இழுத்துப் பார்த்தன.

இரண்டாவது முடிச்சு.

பாதத்தில் ஒரு தட்டு. சில்லென்று.

"கொக்கிய மாட்டிக்க" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

ஏணிப்படியில் தண்ணீர் சொட்டும் சத்தம். தலைக்கு மேல் சர்ரென்று ஓர் இழுபடல். சுக்கானை நோக்கி.

முடிச்சை இழுத்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை.

வட்ட ஜன்னலின் வெயில் எதிர்ச்சுவரில் ஒரு தட்டு போல விழுந்திருந்தது. படகு திரும்ப, அது நகரத் தொடங்கியது. சுவரிலிருந்து அடுப்புக்கு. அடுப்பிலிருந்து ஏணிக்கு. ஈரமான படிகளின் மேல் மெதுவாக ஊர்ந்து, மங்கி, அணைந்தது.

போன் அடித்தது. கித்தானுக்கு அப்பால், கை எட்டாத இடத்தில்.