சுடுதண்ணியும் களுக்-டக் கதவும்

சுடுதண்ணி என்பது அவளுடைய பெயர் இல்லை, பட்டப்பெயர். சட்டென்று கொதிப்பாள், இறக்கி வைத்தாலும் லேசில் ஆறமாட்டாள். வயது பத்து. அந்தச் சனிக்கிழமை ஒரே நாளில் அவளுக்கு ஏழு கோபம் வந்தது. அவற்றில் ஆறரை நியாயமானவை.

முதல் கோபம் பல் துலக்கும்போதே வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு உள்ளே அவர்களுடைய வேன். அதன் பக்கவாட்டுக் கதவைப் பச்சைக் கயிறு போட்டு இருக்கையின் காலோடு கட்டியிருந்தது, அடம்பிடிக்கும் மாட்டைக் கட்டியதுபோல.

அது அம்மாவின் வேன். காலையில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய், மாலையில் பன்னிரண்டு பேரையும் எண்ணிக் கொண்டுவந்து விடும் வேன். சுடுதண்ணியைவிட வயதில் மூத்தது. அதனால் என்ன கோபம் வந்தாலும் அவள் அதன் சக்கரத்தை மட்டும் உதைக்கமாட்டாள். பெரியவர்களை உதைக்கக் கூடாதே!

இழுத்துச் சாத்தினால் அந்தக் கதவு 'களுக்-டக்' என்று சத்தம் போடும். முதலில் களுக். ஒரு குட்டி மூச்சு விட்டு, டக். கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் தூங்குவாளாம்.

போன மாதம் கதவுக்குள் இருந்த பூட்டு உடைந்தது. உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. அதிலிருந்து கொக்கிபோல ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு போனால் கதவு நிற்காது. அம்மா சந்தையில் ஒரு டூப்ளிகேட் பூட்டு வாங்கி, தானே ஸ்பேனர் பிடித்து மாட்டினாள். மூன்றாம் நாள் அதன் நாக்கு வளைந்தது. இன்னொன்று வாங்கினாள். அது இரண்டே நாள்.

"நல்ல முன்னேற்றம்," என்றாள் சுடுதண்ணி. "அடுத்தது வாங்கிட்டு வர்ற வழியிலேயே உடைஞ்சிடும்."

அம்மாவுக்குக் கோபம் வராது. ஓட்டுபவருக்குக் கோபம் வந்தால் வண்டிக்கும் வந்துவிடும் என்பது அவள் கொள்கை. "இனிமே டூப்ளிகேட் கிடையாது," என்று மட்டும் சொன்னாள். "புள்ளைங்க அந்தக் கதவுலதான் சாஞ்சு தூங்குதுங்க. கம்பெனி பூட்டுதான் போடணும்."

இரண்டாவது கோபம் தொலைபேசியில் வந்தது. அழைத்தவர் 'ஏன்' என்ற பையனின் அம்மா. அவன் ஒன்றாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பான். அதனால் வேனில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்கும் அவன் "ஏன்?" என்றுதான் கேட்டான்.

"ஸ்கூல்ல வேன் பொறுப்பாளர் சொல்லிட்டாராமே? திங்கக்கிழமைக்குள்ள கதவு சரியாகலைன்னா உங்க வேன கேட்டுக்குள்ள விடமாட்டாராமே? நாங்க புது வேன்ல சேர்த்துடலாமான்னு பார்க்கறோம். தப்பா நினைக்காதீங்க."

"பரவாயில்லீங்க," என்றாள் அம்மா.

பரவாயில்லையாம்! புது வேன் வெள்ளை நிறத்தில், பாட்டுப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கு எதிரே தினமும் காலியாகவே நின்றது. ஒரு பிள்ளை அங்கே போனால் மற்ற பதினொன்றும் ஆட்டு மந்தைபோலப் பின்னாலேயே போய்விடும். அதன் பிறகு அம்மா யாரை ஏற்றிக்கொண்டு போவாள்? காற்றையா?

இருவரும் பஸ் ஏறி உதிரி பாகக் கடைக்குப் போனார்கள். பெரிய கடை. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். மேசைக்குப் பின்னால் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதையும் பார்க்கக் கூடாது என்று கண்ணாடி வாங்கியவர் போலிருந்தது.

அம்மா உடைந்த பழைய பூட்டை மேசைமேல் வைத்து, வேனின் பெயரைச் சொன்னாள்.

"அதுவா! அது இன்னும் ஓடுதா?"

மூன்றாவது கோபம்.

"ஓடுதுங்க. கதவுதான் நிக்கமாட்டேங்குது," என்றாள் அம்மா.

கடைக்காரர் பேனா முனையால் பூட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கணினியில் வேனின் பெயரைத் தட்டினார். "கம்பெனில அந்த வண்டி செய்யறதையே நிறுத்தி ரொம்ப வருஷமாச்சும்மா. பூட்டு தனியா வராது. முழுக் கதவா வாங்கணும்."

"பூட்டு உடைஞ்சா எதுக்கு அங்கிள் கதவு?" என்றாள் சுடுதண்ணி.

"கம்பெனில அப்படித்தான் பாப்பா."

நான்காவது கோபம். பத்து வயதுப் பெண்ணைப் பாப்பா என்பதா?

"அப்ப கதவு உடைஞ்சா வேனா? வேன் உடைஞ்சா ரோடா?"

"ஏய், அடுப்ப அணை," என்று அம்மா அவள் தோளைத் தட்டினாள்.

கடைக்காரர் கதவின் விலையைச் சொன்னார். கேட்டதும், வேனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கதவை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் சரியாக இருக்கும் போலிருந்தது. அது ஐந்தாவது கோபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய் வேண்டும் என்றால் தோட்டத்தையே வாங்கச் சொன்னார்கள்.

"ஒரு மணிக்குக் கடை சாத்திடுவேன். முடிவு பண்ணிட்டு வாங்க," என்றார் கடைக்காரர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. பஸ் டிக்கெட்டைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள் சுடுதண்ணி.

வீட்டுக்கு வந்தால் ஆறாவது கோபம் அவர்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. சலவைக் கடை அண்ணனின் வண்டி! எதிரே இருப்பது அவர் கடை. ஆனாலும் தினமும் துணி ஏற்றும்போது வண்டியை இவர்கள் கேட்டை மறித்துத்தான் நிறுத்துவார். தினமும் அவள் சண்டை போடுவாள். தினமும் அவர் "அஞ்சே நிமிஷம்" என்பார். அவருடைய கடிகாரத்தில் நிமிஷங்கள் நீளமானவை.

வண்டியின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலைபோல. அண்ணனைக் காணோம். சுடுதண்ணி கதவைப் பிடித்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் மொத்தத்தையும் இரண்டு கையிலும் ஏற்றி, ஓங்கிச் சாத்தினாள்.

களுக்-டக்.

அவள் அப்படியே நின்றாள். வேனைத் திரும்பிப் பார்த்தாள். அது கயிற்றோடு சும்மாதான் நின்றது.

கதவைத் திறந்தாள். மறுபடி சாத்தினாள். களுக். குட்டி மூச்சு. டக்.

மறுபடி. மறுபடி.

"ஏம்மா, அந்தக் கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" துணி மூட்டையோடு ஓடிவந்தார் சலவைக் கடை அண்ணன். "உன் சண்டை எப்பவும் காலையிலதான? இது பகல் காட்சியா? இதோ எடுத்துட்டேன், இதோ வண்டிய எடுத்துட்டேன்!"

"எடுக்காதீங்க!" என்று கத்தினாள் சுடுதண்ணி.

அண்ணனின் கையிலிருந்து மூட்டை நழுவியது. ஆறு வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து அவர் இந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

"அம்மா! உடைஞ்ச பூட்ட எடுத்துட்டு வா! இது நம்ம கதவு மாதிரியே பேசுது!"

அம்மா வந்தாள். அண்ணனின் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் தெரிந்த பூட்டையும் கையிலிருந்த பூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே அகலம். அதே கொக்கி.

"எப்படிம்மா? வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது."

"ரெண்டும் ஒரே கம்பெனிடி," என்றாள் அம்மா மெதுவாக. "இது சரக்கு வண்டி. வெளில வேற சட்டை. உள்ள சொந்தமாயிருக்கலாம்."

உடைந்த பூட்டின் இரும்பில் வரிசையாக எண்கள் குத்தியிருந்தன. முதல் ஐந்து எண்கள் தெரிந்தன. மிச்சம் உடைந்த துண்டோடு போய்விட்டது. அண்ணனின் பூட்டில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு கிரீஸ்தான் இருந்தது. சுடுதண்ணி கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

"ஐயோ, அது ஆஸ்பத்திரி விரிப்பு!"

"திரும்பத் துவைச்சிடலாம் அண்ணே. அதான உங்க தொழில்?"

எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் ஐந்தும் அப்படியே அதே ஐந்து. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு. ஒன்பது எண்களையும் அவள் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டாள்.

மணி பன்னிரண்டரை. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கடை சாத்திவிடும். வேனை எடுக்கலாம் என்றால், கேட்டுக்கு முன்னால்தான் சலவை வண்டி நிற்கிறதே!

"இப்பவாவது வண்டிய எடுக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"எடுங்க. ஆனா நாங்களும் ஏறிக்கறோம்."

முன் இருக்கையில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் நீளமான நிமிஷங்களை எங்கேயோ மறைத்துவிட்டு, உண்மையான பத்தே நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கினார். போகும் வழியிலேயே சுடுதண்ணி அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மீதிப் பாதி கேட்டை மறித்ததற்காக. அது அப்படியே இருக்கட்டும்.

கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். சுடுதண்ணிக்குக் குனிய வேண்டிய அவசியம் இல்லை. நேராக நடந்து உள்ளே போனாள்.

"கதவு வாங்க வந்தீங்களா?"

"இல்ல. ஒரு நம்பர் சொல்றேன், இருக்கா பாருங்க." முன்கையைப் பார்த்து ஒன்பது எண்களையும் வாசித்தாள்.

கடைக்காரர் தட்டினார். "இருக்கே! நிறைய இருக்கு. எந்த வண்டிக்கு?"

"கதவு இருக்கற வண்டிக்கு."

பின்னால் நின்ற அண்ணன் இருமினார்.

கடைக்காரர் கையை நீட்டினார். ஏணிகூடத் தேவைப்படவில்லை. அவர் தலைக்கு நேர் பின்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்பெனி முத்திரையோடு புத்தம் புதுப் பூட்டு. விலையைக் கேட்டதும் அம்மா இன்னொரு தடவை கேட்டாள். சரியாகத்தான் காதில் விழுந்திருந்தது. இரண்டு டூப்ளிகேட்டுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அம்மா உடைந்த பூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை முதல் தடவையாகக் கண்ணுக்கு இறக்கினார். அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார், அதுதான் குற்றவாளி என்பதுபோல.

"வண்டி பேர் சொன்னா இது அந்த வண்டியோட லிஸ்ட்ட மட்டும்தான் காட்டும்மா. பழைய லிஸ்ட்ல முழுக் கதவுதான் இருக்கு. நீங்க நம்பர் சொல்லலையே..."

ஏழாவது கோபம். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இவ்வளவு பெரிய கோபம் வந்தபோது சுடுதண்ணிக்குக் கத்தத் தோன்றவில்லை. குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"உடைஞ்ச பூட்டு உங்க மேசை மேலதான் இருந்துச்சு. நீங்க திருப்பிக்கூடப் பார்க்கலை. பேனாவால தள்ளிவிட்டீங்க. எங்கம்மா பஸ்ல வீடு வரைக்கும் பேசவே இல்லை."

அம்மா அவளை அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை.

கடைக்காரர் பேனாவை மூடி வைத்தார். "தப்புதான். இந்த மாதிரி பழைய வேன்காரங்க நாலஞ்சு பேர இதுக்கு முன்னாடியும் திருப்பி அனுப்பியிருக்கேன்." தலைக்குப் பின்னால் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு, நெய் இல்லன்னு சொல்லியிருக்கேன். இந்தா பாப்பா, இந்தச் சாவி வளையத்த வெச்சுக்கோ."

"நான் பாப்பா இல்ல. எனக்குச் சாவி வளையம் வேணாம். தடியா எழுதற பேனா இருக்கா?"

இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி, அந்தத் தட்டின் விளிம்பில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

'பழைய வேனுக்கும் இதே பூட்டுதான். முழுக் கதவு விற்காதீர்கள்.'

கடைக்காரர் படித்துப் பார்த்தார். "கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம்."

"'விற்காதீர்கள்'ன்னுதான எழுதியிருக்கேன்? 'விற்காதே'ன்னா எழுதினேன்?"

முதலில் சிரித்தது அம்மாதான்.

மாலையில் அம்மா பூட்டை மாட்டினாள். சுடுதண்ணி பச்சைக் கயிற்றை அவிழ்த்தாள். சலவைக் கடை அண்ணன் டார்ச் பிடித்தார். கறுப்பான விரிப்பை மூன்று தடவை அலசியும் போகவில்லை என்பதை அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டே பிடித்தார்.

திங்கட்கிழமை காலை, பள்ளி கேட்டில் பொறுப்பாளர் கையை நீட்டி வேனை நிறுத்தினார். கதவை இழுத்தார், திறந்தார், சாத்தினார், தள்ளினார். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். வேன் ஆடியது. பன்னிரண்டு பிள்ளைகளும் ஆடினார்கள். கதவு மட்டும் ஆடவில்லை.

"போங்க," என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

எதிரே வெள்ளை வேன் இன்னும் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, காலியாக.

"ஏன் கதவு சரியாயிடுச்சு?" என்று கேட்டான் ஏன்.

"நான் கோபப்பட்டேன்ல? அதுக்குப் பயந்துதான்," என்றாள் சுடுதண்ணி.

அவன் அந்தக் கதவைப் பார்த்தான். பிறகு சுடுதண்ணியின் முகத்தைப் பார்த்தான். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக, "ஏன்?" என்று கேட்காமல் இறங்கிக்கொண்டான்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

களுக்.

டக்.