திருடன் தொடாத சவுக்கு

காலை ஆறரை மணிக்குச் செவ்வந்தி கொல்லைக்குப் போனபோது, நேற்றுவரை நின்றிருந்த சவுக்குத் தோப்பு தரையில் கிடந்தது. ராத்திரி திருவிழா மைக்செட் அலறியதில் ஊரில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தவல்லி வந்தார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடற்காற்று ஓயாத மணல் நிலம். நிலமற்றவர்களுக்கு அரசு கொடுத்ததில் செவ்வந்திக்குக் கிடைத்த பட்டா. பழைய மிராசுதாரின் மகன் சிங்காரவேலு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. நிலம் தன் அனுபவத்தில்தான் இருந்தது, மூன்று வருஷத்துக்கு முன் அடித்த கஜா புயலுக்குப் பிறகு சவுக்கு வைத்ததும் தான்தான் என்று மனு கொடுத்திருந்தார். மறுநாள் தாசில்தார் நேரில் பார்க்க வருகிறார்.

“அந்த மரந்தாம்மா என் சாட்சி,” என்றாள் செவ்வந்தி. உட்காரச் சொன்னாலும் உட்காராமல் வரப்பில் போவதும் வருவதுமாக இருந்தாள். “காவிரியில தண்ணி வராம நடவு போச்சுல்ல, அப்ப வச்ச கன்னு. மறுவருஷந்தான் புயல். குடத்துல தூக்கி ஊத்தி வளத்தேன்.”

“நீங்க வச்சதைப் பாத்தவங்க?”

“ஊரே பாத்துச்சு. யாரும் வாயத் திறக்க மாட்டாங்க.”

ஆனந்தவல்லி தோப்பைச் சுற்றி நடந்தார். பந்தலுக்கும் சாரத்துக்கும் நல்ல விலைக்குப் போகிற நீளக் கம்புகள், நூல் பிடித்தாற்போல நேராக, அப்படியே கிடந்தன. வெட்டிய இடத்தில் அடிக்கட்டை இருக்க வேண்டும். இருந்தது குழி. பொக்லைனால் அடிக்கட்டைகளை வேரோடு பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள்.

“மருதையன் வேலை மேடம்,” என்றார் ஏட்டு இராஜாங்கம். “மரம் வெட்டுற மேஸ்திரி. போன மாசம் இந்தம்மாவோட கூலித் தகராறு. உன் தோப்பு நிக்குதான்னு பாக்குறேன்னு டீக்கடையில சவால் விட்டிருக்கான்.”

மருதையன் வந்தான்.

“சொன்னியா?”

“கோவத்துல சொன்னேங்க. நான் வெட்டியிருந்தா கம்ப விட்டுட்டு வேரையா தூக்குவேன்? ஆட்ட விட்டுட்டுப் புழுக்கைய அள்ளுவாங்களா யாராச்சும்?”

ஏட்டு சிரித்தார். ஆனந்தவல்லி சிரிக்கவில்லை.

பதினொரு மணி. சிங்காரவேலு வீட்டு முன்கூடம்.

“மரம் நல்ல தடிமன். மூணு வருஷத்து மரம் மாதிரித் தெரியலையே?”

“புயலுக்கப்புறம் வருஷா வருஷம் மழைம்மா. மழையக் கண்டா சவுக்கு நிக்குமா? நெடுநெடுன்னு போயிடும்.”

“அடிக்கட்டைய யாரு எடுத்திருப்பா?”

“மரம் எரிச்சு கரண்டு எடுக்குறானே, அங்க போயிருக்கும். எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் எரிப்பான். இந்நேரம் சாம்பல்.”

ஆனந்தவல்லி நேராக அந்த மின் ஆலைக்குப் போனார். விறகுக் கிடங்கு யூனுஸின் பொறுப்பில் இருந்தது.

“வேர்க்கட்டை ஒரு லோடு வந்துச்சுங்க. விடியக்காலம் மருதையன் பேரைச் சொல்லி இறக்கியிருக்காங்க.”

“எரிச்சாச்சா?”

“மண்ணோட கொட்டிட்டுப் போயிட்டாங்களே. அப்படியே அரைச்சா மெஷின் பிளேடு போயிடும். காயப்போட்டு மண்ணத் தட்டித்தான் உள்ள விடுவோம். மேஸ்திரிங்களுக்கு இது தெரியும், தட்டித்தான் கொண்டுவருவாங்க. இவன் யாரோ புதுசு.”

கிடங்கின் பின்புறம் கட்டைகள் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றும் வேருக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மேல்நோக்கி வளைந்திருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாசில்தார் வந்தபோது அந்த லோடு கொல்லையில் இறங்கியிருந்தது. ஊர் திரண்டு நின்றது.

“மருதையன் எடுத்திருந்தா கம்பு போயிருக்கும், அடி நின்னிருக்கும்,” என்றார் ஆனந்தவல்லி. “இங்க தலைகீழா நடந்திருக்கு. அப்ப திருட வந்தவருக்கு மரம் வேணாம், இந்த வளைவு யார் கண்ணுலயும் படக்கூடாது. இளங்கன்னா இருந்தப்ப புயல் மொத்தத்தையும் ஒரே பக்கமா சாய்ச்சிருக்கு. அப்புறம் பெஞ்ச மழையில நிமிந்து வளந்திருக்கு. தடிமனை வச்சு வயசு சொல்ல முடியாது, மழை ஏமாத்திடும். ஆனா புயலுக்கப்புறம் வச்ச கன்னுக்கு இந்த வளைவு வராது.”

“கடலோரத்துல காத்து தினமுந்தான் அடிக்குது,” என்றார் சிங்காரவேலு.

“தினம் அடிக்கிற காத்துன்னா மரம் முழுக்கச் சாஞ்சிருக்கணும். கம்பப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு. இந்த வளைவை மறைக்கவேண்டிய அவசியம் ஒரே ஆளுக்குத்தான். புயலுக்கப்புறம் வச்சேன்னு மனு கொடுத்த உங்களுக்கு. மண்ணோட கொட்டினதும் மேஸ்திரி இல்ல, உங்க டிரைவர் காத்தான். ஆலை வாட்ச்மேன் அடையாளம் காட்டிட்டார், காத்தானும் ஒத்துக்கிட்டான்.”

சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டார்.

தாசில்தார் கூட்டத்தைப் பார்த்தார். “மரம் வச்சது யாரு?”

அப்போதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செவ்வந்தி ஒரு கட்டையைத் தூக்கி வந்து, வரப்போரக் குழியில் இறக்கி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தாள். அது மேற்கே சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றது.