கரடிப் பள்ளத்துக்கு ஆணை வராது

விடியும் முன்பே செம்மேட்டில் வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. தீபாவளி எதுவும் இல்லை. பௌர்ணமிக்கு மறுநாள், அவ்வளவுதான். மேலத் தெருவில் ஒரு 'டப்', பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு 'டப்', தபால் ஆபீஸ் அருகே அடுத்தடுத்து இரண்டு. கனகவல்லி போர்வையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் கதவைத் திறப்பதற்கும் அவளுடைய பின்டயர் வெடிப்பதற்கும் சரியாக இருந்தது.

சுவரில் சாய்த்து வைத்த மலைச் சைக்கிள் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்திருந்தது. சக்கர வளையங்கள் இரண்டு விரற்கடை பெருத்திருந்தன. பின்சக்கரத்தின் அச்சான ஆக்சில் நீண்டிருந்தது. போன மாதம் ஆசை ஆசையாக வாங்கிய டயர் பாம்புச் சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவிங்களா! ஞாயித்துக்கிழமை பந்தயத்தை வச்சுக்கிட்டா மாத்துவீங்க?" என்று அவள் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். ஆணைகள் அங்கிருந்துதான் வந்தன.

நெகிழுலோகம் கண்டுபிடிக்கப்பட்டபோது சைக்கிள்காரர்கள்தான் முதலில் குதித்துக் கொண்டாடினார்கள். அதற்கு முன்னால் கம்பெனிகள் வருஷத்துக்கு ஓர் அளவு கொண்டுவந்தன. பழைய ஆக்சில், சக்கரத்தைக் கவ்வும் புதிய போர்க்கில் நுழையாது. புதிய பெடல் பழைய தண்டில் ஏறாது. வாங்கியவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வாங்கினான். நெகிழுலோகமோ சொன்னபடி உருமாறும். அளவு மாறினால் பாகமே தன்னை மாற்றிக்கொள்ளும். இனி எதையும் தூக்கிப்போட வேண்டாம் என்றார்கள்.

அது உண்மைதான். ஆனால் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து அமைத்த அளவுப் பேரவைக்கு ஒரு யோசனை தோன்றியது. மாற்றுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதே, பின் எதற்கு ஒரு வருஷம் காத்திருப்பது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வான்வழியாக ஓர் அளவாணை வரத் தொடங்கியது. 'மேலும் உறுதி, மேலும் வேகம்' என்று அறிவிப்பு வரும். ராத்திரியில் உலகத்துச் சைக்கிள்கள் எல்லாம் ஒருமுறை நெளிந்து நிமிரும். உலோகம் கேட்டது. ரப்பருக்குத்தான் காது கிடையாது.

மிளகுச் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலைக்கு அன்று மட்டம் போட்டுவிட்டு, கனகா சைக்கிளை உருட்டிக்கொண்டு அண்ணியின் கடைக்குப் போனாள். அவளுடைய அண்ணன் மனைவி செண்பகவடிவுதான் செம்மேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தாள். நல்ல உயரம், நல்ல உடம்பு, மலையிறக்கத்தில் பிரேக்கைத் தொடாத கை. கனகா அவள் தோள் உயரம்கூட வரமாட்டாள். இரண்டு பேரும் இரட்டையர் இறக்கத்தில் ஜோடி. மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் காட்டு வழியாக இறங்க வேண்டும். வழியில் பாகங்களை மாற்றிக்கொள்ளலாம், சைக்கிளையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லைக்கோட்டை இருவரும் சேர்ந்தே தாண்டியாக வேண்டும். மூன்று வருஷமாக இருவரும் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தார்கள்.

கடை வாசலில் பாதி ஊர் நின்றது. ஆளுக்கொரு கிழிந்த டயர்.

"என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்?" வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழங்கினாள். "நானா ஆணை போட்டேன்? புது டயர் சேலத்துலயே வரலையாம். வந்தா சொல்றேன், போங்க, போங்க!"

கூட்டம் கலைந்ததும் நாத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு பழைய டயர்களை உருவினாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே அளவை ஒரு மாசம் வச்சிருந்தானுங்க. தூக்கிப் போடாம வச்சது நல்லதாப் போச்சு. உனக்கொண்ணு எனக்கொண்ணு, பின்சக்கரத்துக்கு. முன்டயர் ரெண்டும் தெய்வாதீனமாத் தாங்கிடுச்சு."

"அண்ணி, நீங்க தெய்வம்."

"தெய்வம் பசியில இருக்கு. ரெண்டு இட்லி தின்னுட்டு வந்துடறேன். கரடிப் பள்ளத்துல இறங்கிப் பார்க்கலாம்."

கரடிப் பள்ளம் மலையின் தென்சரிவில் ஒரு கிண்ணம் போலக் கிடந்தது. சுற்றிலும் கன்னங்கரேலென்ற பாறை. கைப்பேசி அங்கே எடுக்காது. திசைகாட்டிகூடப் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். ஆனால் இறக்கம் என்றால் அப்படி ஓர் இறக்கம். வடிவு முன்னால் போனாள். கனகாவுக்கு அவள் முதுகும் புழுதியும்தான் தெரிந்தன. பள்ளத்தின் அடியில் ஒரு கல் திட்டிலிருந்து வடிவு பறந்தாள், அழகாகத்தான் பறந்தாள். இறங்கும்போது 'கடக்' என்றது.

பின் ஆக்சில் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று வடிவு முள்ளுக்குள்ளிருந்து எழுந்தாள். "இதைத் தூக்கிக்கிட்டு மேல ஏறணுமே, அதுதான்."

கனகா தன் பையைக் கொட்டினாள். திருகுசாவிகள், கடலை மிட்டாய், ஒரு பழைய ஆக்சில். பேரவை ஓய்வு கொடுத்துவிட்ட பாகம் அது. அந்த வகைக்கு இனி மாற்ற ஆணை வராது. கடைசி அளவிலேயே நில் என்ற ஆணை மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். வடிவின் சக்கரத்துக்கு அது குட்டை, தடிமனும் அதிகம்.

"அது நுழையாது, கனகா."

"தெரியும் அண்ணி. கோவத்துக்கு ஒரு குத்து குத்தறேன், விடுங்க."

குத்தினாள். ஆக்சிலின் முனை துளையின் விளிம்பில் முட்டி நின்றது. இன்னொரு குத்துக்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். உலோகம் ஊறிய அப்பளம் மாதிரி தளர்ந்துகொண்டிருந்தது. துளை கொஞ்சம் அகன்றது, ஆக்சில் கொஞ்சம் மெலிந்தது. ஒன்றுக்கொன்று வழிவிட்டு, கூச்சப்படும் புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பாயில் உட்காருவது போல மெல்ல நெருங்கி, 'ணங்' என்று இறுகின.

இருவரும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்டமே இல்லை.

"பேய் பிசாசு ஏதாவது இருக்குதா இங்க?" என்றாள் வடிவு.

கனகா திருகுசாவியை எடுத்தாள். இரு சைக்கிள்களின் பெடல்களைக் கழற்றி மாற்றிப் போட்டாள். பொருந்தின. ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கொய்யாக் கொம்பைச் செருகினாள். உலோகம் கொம்பை இறுகப் பற்றிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அண்ணி! இங்க எந்த ஆணையும் வரல. இந்தப் பாறை தடுக்குது. ஆணை வரலன்னா இந்த உலோகம் தொட்டதோட ஒத்துப்போயிடுது. அதோட குணமே அதுதான்! இத்தனை வருஷமா இவனுங்க பொருத்தறதுக்கு ஆணை போடல. பொருந்தாம இருன்னு ஆணை போட்டிருக்கானுங்க!"

வடிவு வாயைப் பிளந்தாள். பிறகு அவளுடைய வியாபார மூளை விழித்தது. "பள்ளத்துக்குள்ள சரி. மேல போனா?"

மேலே போனால் ஆணை மறுபடி வந்து பிடித்துக்கொள்ளும். அதற்கும் வழி பள்ளத்திலேயே கிடந்தது. ஓடையில் அந்தக் கரும்பாறை இடிந்து கருமணலாகப் படிந்திருந்தது. அதை அள்ளி, பலாப்பாலில் குழைத்து, சைக்கிள் முழுக்க அப்பினார்கள். பலாப்பால் கையில் ஒட்டினால் எண்ணெய் தேய்க்காமல் போகாது. வீடு போய்ச் சேர்ந்தபோது இருவரும் கரடிகள் போலவே இருந்தார்கள். கனகாவின் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு உடனே சாத்திக்கொண்டான். ஆனால் சைக்கிள்கள் வானத்தின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

"ஞாயித்துக்கிழமை நாம ஜெயிச்சுடுவோம்," என்றாள் வடிவு கைகளில் எண்ணெய் தேய்த்தபடி. "மத்தவங்களுக்கு டயரே இல்ல."

கனகா விரலில் ஒட்டிய பலாப்பாலைச் சுரண்டினாள். "டயர் இல்லாதவங்களை ஜெயிச்சு என்ன அண்ணி பண்றது?"

வடிவு அவளை முறைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டு எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினாள். "காலையில கடை வாசல்ல சொல்லிடு. மூணு வருஷமாத் தோத்தவளுக்கு இன்னொரு வருஷம் கூடவா ஆகாது?"

அடுத்த சில நாள்கள் கொல்லிமலையில் பலாமரங்கள் நிம்மதியாக இருக்கவில்லை. பரணில் கிடந்த ரிம்முகள், ஓய்வுபெற்ற போர்க்குகள், தாத்தா காலத்து மணிகள் எல்லாம் பள்ளத்துக்கு இறங்கி வந்தன. எந்த டயர் இருக்கிறதோ அதற்கு ரிம் சுருங்கியது அல்லது பெருத்தது. முன்சக்கரம் பெரியதும் பின்சக்கரம் சின்னதுமாக ஒரு சைக்கிள். கரண்டிப் பிடி பிரேக்கோடு ஒன்று. பெண்கள் பள்ளத்துக்கே சோறு கொண்டுவந்தார்கள். யாரோ பறை கொண்டுவந்தார்கள்.

பந்தயத்தன்று காலை, செய்தி எட்டி, பேரவையின் பகுதி அலுவலர் இன்பசேகரன் வந்து சேர்ந்தார். ஒல்லியான, வியர்வையில் நனைந்த மனிதர். கையில் அளவாணை அனுப்பும் கருவி. கறுப்புச் சைக்கிள்களின் வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இதெல்லாம் அங்கீகாரம் இல்லாத அளவுங்க. நான் அவசர ஆணை போட வேண்டியிருக்கும்."

"போடுங்க சார்," என்றாள் கனகா மரியாதையாக.

அவர் விசையை அழுத்தினார். வரிசையில் எதுவும் அசையவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய சொந்தச் சைக்கிள்தான் சிணுங்கிக்கொண்டு வளர்ந்து, இரண்டு டயரையும் வெடித்துப் போட்டது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் குரங்குகள் மரம் மாறின. வடிவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அழுவாதீங்க சார். அந்த மணலை எடுங்கடி, பழைய டயர் ரெண்டு மாட்டி சாரோட வண்டிக்கும் பூசுவோம்."

அந்த வருஷத்து இறக்கத்தைப் பற்றி மலையில் இன்னும் பேசுகிறார்கள். நடுவழியில் கனகாவின் முன்சக்கரம் பாறையில் நசுங்கியது. வடிவு தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த யாரோ ஒருவரின் மாட்டுவண்டிச் சக்கரத்தைத் தன் போர்க்கில் கவ்வக் கொடுத்து, கடகடவென்று காடே அதிர இறங்கினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள், இந்த முறை முதலாவதாக. ஜோடி இல்லாமல் கூடவே இறங்கிய இன்பசேகரன் கடைசியாக வந்தார். ஆனால் எல்லாரையும்விட உரக்கக் கூவிக்கொண்டு வந்தார். அந்த மாதமே பேரவை வேலையை விட்டுவிட்டு வடிவின் கடையில் சேர்ந்துகொண்டார்.

பிறகு ஒரு பொற்காலம். சைக்கிள்கள் நாளுக்கு நாள் இனிமையாயின. உலோகம் தொட்டதோடு ஒத்துப்போகும் அல்லவா? அதை அதிகம் தொட்டவர்கள் ஓட்டியவர்களே. கனகாவின் ஹேண்டில்பார் அவளுடைய சின்ன உள்ளங்கைக்குப் பள்ளம் விழுந்து கொடுத்தது. பெடல் அவளுடைய இடது பாதத்தின் லேசான கோணலைக் கண்டுபிடித்துத் தானும் கோணியது. நினைத்தால் திரும்பியது. ஏறி உட்கார்ந்தால் உடம்போடு பிறந்தது போல இருந்தது.

ஒரு நாள் அவசரமாக வாழவந்திநாடு போக வேண்டுமென்று வடிவு கனகாவின் சைக்கிளை எடுத்தாள். பத்தடி போவதற்குள் அது திமிறித் துள்ளி அவளை அன்னாசித் தோட்டத்துக்குள் தூக்கி எறிந்தது.

"உன் வண்டிக்கு என்னடி நான் பண்ணினேன்?" என்று முதுகில் அன்னாசி முள்ளோடு வந்து நின்றாள்.

கனகா வடிவின் சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். கால் எட்டவில்லை, கை பிடிக்கவில்லை, பிரேக் எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரட்டையர் பந்தயத்தில் இனி எதை மாற்றிக்கொள்வது?

விசாரித்தால் மலை முழுக்க இதே கதை. செவிலியர் அவசரத்துக்கு இரவல் வாங்கிய சைக்கிள் அவரை வேலியில் சாய்த்திருந்தது. புருஷன் வண்டியைப் பெண்சாதி தொட முடியவில்லை. பாகங்கள் எல்லாவற்றுக்கும் எல்லாம் பொருந்தின. மனிதர்தான் இன்னொருவர் வண்டிக்குப் பொருந்தவில்லை.

செம்மேட்டுச் சந்தையில் கூட்டம் போட்டார்கள். "பொதுவா ஓர் அளவு வேணும்," என்றார் ஒருவர். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் யாரும் மறுக்கவில்லை. யார் முடிவு செய்வது என்றபோது எல்லாத் தலையும் கனகாவின் பக்கம் திரும்பியது.

"நானா? நான் ஆணையே வேண்டாம்னவ!"

"அதனாலதான் நீ," என்றாள் வடிவு.

எல்லாரையும் கால், கை, முதுகு என்று அளந்தார்கள். சராசரி எடுத்தார்கள். பூச்சைக் கழுவி, வானத்து ஆணை எட்டாதபடி வண்டிகளைப் பள்ளத்தில் நிறுத்தி, இன்பசேகரன் தன் பழைய கருவியைத் துடைத்துக் கொடுக்க, கனகா விசையை அழுத்தினாள். மலையின் சைக்கிள்கள் எல்லாம் ஒருமுறை நெளிந்து நிமிர்ந்தன. மீண்டும் பூசினார்கள். உலோகம் ஒரே ஆளிடம் பழகிவிடாதபடி வண்டிகளை மாறி மாறி ஓட்டுவது என்றும் முடிவானது. அந்த அளவு ஒருவருக்கும் கச்சிதமாக இல்லை. வடிவுக்கு முழங்கால் இடித்தது, கனகாவுக்குக் கை நீட்ட வேண்டியிருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் யாருடைய வண்டியிலும் ஏறலாம். அன்று மாலை முழுக்க ஊர், வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டி முணுமுணுத்துச் சிரித்தது.

மறுவாரம் பச்சைமலையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கருமணல் பூச்சைக் கேள்விப்பட்டு வந்தவர்கள். எல்லாருக்கும் பனைமரம் போலக் கால்கள்.

"நாங்களும் சேர்ந்துக்கறோங்க அக்கா," என்றார் அவர்களில் ஒருவர். "ஆனா உங்க அளவு எங்களுக்கு முட்டி தாடையில இடிக்குது. எங்களையும் சேர்த்து மறுபடி சராசரி போட்டா என்ன?"

"இப்பதான் எல்லாரும் பழகியிருக்காங்க," என்று கனகா தொடங்கினாள். திரும்பிப் பார்த்தாள். கடைக்குள் வடிவு டயர்களை அடுக்கிக்கொண்டே, வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்பசேகரன் அளவு நாடாவை நீட்டினார். அவர் முகத்தில் இருந்தது அனுதாபமா, அனுபவமா என்று சொல்ல முடியவில்லை.

கனகா நாடாவை வாங்கிக்கொண்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வரிசையா நில்லுங்க," என்றாள்.