தேனீக்களிடம் சொன்ன சாவு

லாத்பரி வீட்டுக் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர்: ஹெஸ்டர் லாத்பரி, அவள் தம்பி மகன் லைனல், சமையற்காரி டோர்காஸ், டாக்டர் வின்டர், சார்ஜென்ட் ஹாப்லி. ஆறாவது ஆள், ஹெஸ்டரின் அண்ணனும் வீட்டுத் தலைவருமான ஜொசாயா, நாற்காலியில் செத்துக் கிடந்தார். ஏழு மணிக்கு டோர்காஸ்தான் பார்த்து அலறியவள்.

"இதயத்துல முணுமுணுப்புச் சத்தம் அவருக்கு ரொம்ப நாளா உண்டு," என்றார் டாக்டர். "ஆனா நேத்து நிறைஞ்சிருந்த சொட்டு மருந்துப் புட்டி இன்னிக்குக் காலி. இது தானா நின்ன இதயம் இல்ல."

"மருந்து யாரு கலப்பா?" என்று கேட்டார் சார்ஜென்ட்.

"நான்தாங்க ஐயா. ராத்திரி படுக்கும்போது ரெண்டே சொட்டு!" டோர்காஸ் அழுதாள்.

வேலிக்கு வெளியே ஊர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.

"இவளைக் கூட்டிட்டுப் போங்க," என்றான் லைனல். "குடும்பப் பேராவது மிஞ்சட்டும். என்ன அத்தை?"

சமையற்காரி போனால் பேர் தப்பும், அது ஹெஸ்டருக்கும் தெரியும். அவள் முதுகு வளையாமல் தோட்டத்துக்கு நடந்தாள்.

எல்லோரும் படுத்தபின் தொடங்கிய தூறல் விடியுமுன் ஓய்ந்திருந்தது. இப்போது நல்ல வெயில். தேனீப் பெட்டிமேல் தடித்த கறுப்புச் சால்வை. வீட்டுத் தலைவர் இறந்தால், அடுத்த தலைவர் வாசல் சாவியால் பெட்டியைத் தட்டித் தணிந்த குரலில் சேதி சொல்லித் துக்கத் துணி போர்த்த வேண்டும். சொல்லாவிட்டால் தேனீக்கள் வீட்டை விட்டுப் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. இந்த வீட்டில் அடுத்த தலைவன் லைனல்.

அவள் செருப்பில் ஒரு துளி விழுந்தது. சால்வையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ரீங்காரம். மூடியைத் தடவினாள். திரும்பி வந்தாள்.

"லைனல், தேனீக்கிட்ட எப்போ சொன்னே?"

"டோர்காஸ் கத்தினதும் ஓடினேன் அத்தை. முறைய விட்டுடுவேனா?"

"சால்வை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அடியில பலகை காய்ஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடியே போர்த்தியிருக்கே. காலைல தெரிஞ்ச சாவு உனக்கு ராத்திரியே எப்படிடா தெரிஞ்சுது?"

லைனலின் முகம் வெளுத்தது. "பெரியப்பா வீட்டை விக்கப்போறேன்னாரு அத்தை... தேனீயாவது எனக்குத் தங்கட்டும்னு..."

"டோர்காஸை விடுங்க, சார்ஜென்ட். இவன் எங்க வீட்டுப் பிள்ளை. பேரை முழுசா எழுதிக்குங்க. லைனல் லாத்பரி."

தேனீக்களே ஹெஸ்டரின் காதில் உண்மையைச் சொல்லின என்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பக்கம் இன்றும் பேச்சு. தேனீக்கள் எதுவும் சொல்லவில்லை. சால்வை நனைந்திருந்தது, அவ்வளவுதான்.