உன் நெஞ்சுக்கும் ஆகட்டும்

எங்கள் ஊரான ஸர்க்காவில் மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மதியம், அபூ ஹத்தாபின் பங்சர் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டயரில் காற்று குறைகிறது என்று சொல்கிற விளக்கு.

என் கார் அமெரிக்காவில் யாரோ ஓட்டித் தள்ளி, ஏலத்தில் விட்டு, கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்த கிழம். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்து காற்றை அளந்து திரைக்குச் சொல்லும். எனக்கு ஊறுகாய் வியாபாரம். டர்னிப், வெள்ளரி, ஆலிவ். பீப்பாய்களைக் காருக்குப் பக்கத்திலேயே கழுவி உப்புத் தண்ணீரைக் கொட்டுவேன். அந்தக் குட்டையில்தான் சக்கரங்கள் ராத்திரி முழுக்க நிற்கும். சென்சார்களின் அலுமினியத் தண்டு அரித்துப் பூத்துப்போய், அதன் வழியாகவே காற்று கசிய ஆரம்பித்துவிட்டது. காற்றைக் காவல் காக்க வைத்த ஆளே காற்றைத் திருடினான். அவனைத் திருடனாக்கியது நான்.

எனக்கு மஞ்சள் விளக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் என் மனைவி அபீர், அந்த விளக்கு எரிகிற காரில் மகளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தாலாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். பனிக்காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். தலைநகர் அம்மானில் உள்ள டாக்டரிடம் அடிக்கடி கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மான் நெடுஞ்சாலையில் டயர் படுத்து, பிள்ளைக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வாய் என்று அபீர் கேட்டாள். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நகைச்சுவை இருக்கும். அன்று காரை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன்.

அபூ ஹத்தாபைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்ல வேண்டும். செத்துப்போனவர். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தால் நான் சாப்பிட மாட்டேன். ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் தலையைவிட்டு வாழ்கிறவனுக்கே அந்த நாற்றம் தாங்காது. வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க எல்லாப் பங்சர்காரர்களும் எச்சில் தொட்டு வைப்பார்கள். இவர் தொட்டு வைப்பதில்லை, துப்புவார். பழுப்பு நிறத்தில், நூலிழுத்துக்கொண்டு, அதில் குமிழி வருகிறதா என்று குனிந்து ரசிப்பார். தேநீர் கொடுப்பார். கண்ணாடி கிளாஸின் விளிம்பில் அவருடைய உதடு பதிந்திருக்கும்.

"ஊறுகாய்க்காரா, உன் காருக்குப் புது சென்சார் போடுறதும் கழுதைக்குத் தங்கப்பல் கட்டுறதும் ஒண்ணு," என்றார்.

அவர் சொன்ன வழி இது. சக்கரங்களில் சாதாரண ரப்பர் வால்வு போட்டுவிடலாம். பழைய சென்சார்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, தண்டுதான் போயிற்று. அந்த நாலையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, மூடியில் ஒரு வால்வு வைத்துக் காற்றேற்றி, டிக்கியில் படுக்கவைத்தால் போதும். குழாய்க்குள் இருக்கிற காற்றை டயர் காற்று என்று கார் நம்பிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பாதிக் கார்கள் இப்படித்தான் ஓடுகின்றன. அபீரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். விளக்கு அணைந்துவிட்டது என்று சொல், அது பொய்யில்லையே என்றார்.

முழங்கை நீளத்துக்குக் குழாயை அறுத்தார். உள்ளே தூசி இருக்கக் கூடாது என்று சொல்லி, திறந்த வாயில் தன் வாயை முழுசாகப் பொருத்தி ஊதினார். ஊதுகிற வேகத்தில் இருமல் வந்துவிட்டது. வாயை எடுக்காமலேயே இருமினார். குழாய்க்குள் சளி போய் ஒட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதைத் துடைக்காமல் சென்சார்களைப் போட்டு, பசை தடவி, மூடியை அடித்து இறக்கிவிட்டார்.

எங்கள் ஊரில் யாராவது இருமினால் பக்கத்தில் இருக்கிறவன் சும்மா இருக்க மாட்டான். குமட்டிக்கொண்டு வந்தாலும் என் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"சுகமாகட்டும்."

"உன் நெஞ்சுக்கும் ஆகட்டும்," என்றார் அவர். அதுதான் முறையான பதில்.

விளக்கு அணைந்தது. திரையில் நாலு டயருக்கும் ஒரே எண், முப்பத்திரண்டு. அபீர் பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அபூ ஹத்தாப் அடுத்த வாரமே கடையிலேயே இறந்துபோனார். நெஞ்சில் சளி அடைத்துக்கொண்டதாம். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: மூச்சை இழுத்தாராம், இழுத்தாராம், விடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லாதவர் மாதிரி இருந்தாராம். துக்கக் கூடாரத்துக்குப் போய்க் கசப்புக் காபி குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் காரில் ஒரு வாடை. அபீர், உன் ஊறுகாய் அழுகிவிட்டது என்றாள். பீப்பாய்களை இறக்கி டிக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. சொத்தைப்பல், பழைய புகையிலை, காலையில் வாய் கொப்பளிக்காதவன் முகத்துக்கு நேரே பேசுகிற வாடை. கண்ணாடிகளின் உள்பக்கம் ஈரம் படிந்தது. துடைத்தால் துணி வழுக்கியது.

தாலாவை அம்மானுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது ஒரு பிற்பகல். பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பின் இருக்கையில் தாலா காலாட்டிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"குளிருதா, என் நெஞ்சே?" என்று கேட்டேன். நாங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இல்ல பாபா. பின்னாடி சூடா இருக்கு."

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு. முப்பத்து நாலு. முப்பத்தாறு. பிறகு மெல்ல இறங்கி முப்பத்திரண்டு. மறுபடி ஏறியது. நாலு டயரும் ஒன்றாக, அவசரமில்லாமல், தூங்குகிறவனின் வயிறு மாதிரி.

டிக்கியில் யாரோ இருமினார்கள்.

நெஞ்சின் அடியாழத்திலிருந்து கிளம்பி, சளியைப் புரட்டிக்கொண்டு வருகிற நீளமான இருமல்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பயந்திருக்கலாம், காரை நிறுத்தியிருக்கலாம், ஓதியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? என் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னேன்.

"சுகமாகட்டும்."

லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஓட்டினேன்.

பிறகு பின் இருக்கைக்குப் பின்னாலிருந்து, ஈரமாக, அன்பாகக்கூட, பதில் வந்தது.

"உன் நெஞ்சுக்கும் ஆகட்டும்."

தாலாவின் பாட்டு நின்றுவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. விசில் சத்தம். எண் ஏறும்போது அவளுடைய மூச்சு இழுபட்டது. எண் இறங்கும்போதுதான் அவளால் விட முடிந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, பின்னால் திரும்பி இன்ஹேலரை அடித்தேன். மருந்து அவள் வாயிலேயே நின்று புகையாக வெளியே வந்தது. உள்ளே போக இடமில்லை.

முன்னால் லாரியும் நின்றுவிட்டிருந்தது. பின்னால் ஹாரன்கள். எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

இறங்கி டிக்கியைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. குழாய் மூலையில் கிடந்தது, வியர்த்துக்கொண்டு. தொட்டேன். காய்ச்சல்காரனின் கழுத்து மாதிரி சூடாக இருந்தது. விரல் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் அமுங்கி மேலெழும்பியது. மூடியின் ஓரத்தில் பழுப்பு நுரை பொங்கி வடிந்துகொண்டிருந்தது.

காற்றை இறக்கிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்து வால்வை நகத்தால் அழுத்தினேன். புஸ்ஸென்று வந்தது. கூடவே மஞ்சளாக ஏதோ என் மணிக்கட்டில் தெறித்தது.

காருக்குள் தாலா கீழே சரிந்தாள்.

வால்வை விட்டேன். அவளுக்கு ஒரு நூல் மூச்சு வந்தது.

குழாய்க்குள் இருந்தது அவளுடைய காற்று. நான் அதைத்தான் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தேன். மூடியின் ஓரத்தில் நுரை இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. அபூ ஹத்தாபின் பசை எந்தக் காலத்தில் ஒழுங்காகப் பிடித்தது? பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், திறந்து கிடந்த கதவு வழியே திரை தெரிந்தது. இருபத்தெட்டு. இருபத்து நாலு. தாலாவின் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

மனுஷனைக் குறை சொல்ல முடியாது. நான் நலம் கேட்டேன், அவர் முறைப்படி பதில் சொன்னார். உன் நெஞ்சுக்கும் என்றார். என் விலா எலும்புக்குள் இருப்பதுதான் நெஞ்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நெஞ்சே என்று நான் எதைக் கூப்பிட்டேனோ, அங்கே போய்விட்டார்.

சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தேன். குழாயை எடுத்து வெறும் நெஞ்சில் வைத்து, மேலே கோட்டைப் போர்த்தி, பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டேன். வழுவழுப்பு தோலில் பரவியது. அட்டை ஊர்கிற மாதிரி வயிற்றை நோக்கி ஏதோ இறங்கியது. குழாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"அபூ ஹத்தாப், நெஞ்சு இதுதான்," என்று வால்வில் வாயை வைத்துக் கிசுகிசுத்தேன். "அது என் மக. நெஞ்சு இது. இருமுங்க."

இருமவில்லை.

திரையில் பத்தொன்பது. தாலாவின் விசில்கூட நின்றுவிட்டது.

"இருமுங்க, சாச்சா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குழாய் என் நெஞ்சில் ஒரு தடவை துள்ளியது. உள்ளே எங்கோ ஆழத்தில் சளி புரண்டது. பிறகு அந்த இருமல் வந்தது, வால்வு வழியாக, என் திறந்த வாய்க்குள்.

வெதுவெதுப்பாக. கட்டியாக. உப்பாக.

துப்பவில்லை. துப்பினால் பதில் சொல்ல முடியாது. முழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"சுகமாகட்டும்."

நன்றி சொல்கிறவர் மாதிரி மிக மெல்லிய குரலில், என் விலா எலும்புகளுக்கு நடுவே பதில் வந்தது.

"உன் நெஞ்சுக்கும் ஆகட்டும்."

குழாய் சில்லிட்டுப் போனது. வெறும் பிளாஸ்டிக். திரையில் எண்கள் மறைந்து நாலு கோடுகள் வந்தன. மஞ்சள் விளக்கு எரிந்தது. காருக்குள் தாலா தண்ணீரிலிருந்து எழுந்தவள் மாதிரி பெரிதாக ஒரு மூச்சு இழுத்து, அப்புறம் அழுதாள். அவ்வளவு சத்தமாக அவள் அழுது நான் கேட்டதில்லை. அழுவதற்கு அவளுக்கு எப்போதுமே காற்று போதாது.

சாலையோரத்தில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். வந்தது நான் சாப்பிட்டது இல்லை. நான் புகை பிடித்ததே கிடையாது. வந்ததெல்லாம் கறுப்பாக, புகையிலை வாடையோடு இருந்தது. குழாயைப் பள்ளத்தில் வீசினேன். "பாபா, உன் வாய் நாறுது," என்றாள் தாலா. ஊறுகாய், என் நெஞ்சே என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அபீரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். என் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். இப்போது தனி அறையில் படுக்கச் சொல்லியிருக்கிறாள். பத்து தடவை பல் தேய்த்தும் பயனில்லை. நானும் என் வாயோடு ஒரே அறையில் படுக்க விரும்ப மாட்டேன். என்ன செய்வது, எனக்கு வேறு வழியில்லை.

போன வாரம் தாலாவை டாக்டர் ருபாவிடம் காட்டினோம். பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, இன்ஹேலர் இனி வேண்டாம் என்றார். அபீர் அழுதாள். நான் ஒரு நகைச்சுவை சொல்ல ஆரம்பித்து, இருமலில் மாட்டிக்கொண்டேன். இருமல் அடங்க நேரமாயிற்று. டாக்டர் என்னை அபூ தாலா, அதாவது தாலாவின் அப்பா, என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லி, சட்டையைத் தூக்கச் சொன்னார்.

"மூச்ச இழுங்க. விடுங்க. இழுங்க. சரி, இப்ப நிறுத்திக்கோங்க."

நிறுத்தினேன். அவர் முதுகில் ஓரிடத்தில் வைத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது. இன்னோர் இடத்தில் வைத்தார்.

"அபூ தாலா, மூச்ச நிறுத்தச் சொன்னேன்."

நான் வாயை இறுக மூடி, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினேன்.

டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. அதன் மறுமுனையில் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு நிற்கவே இல்லை.