இடம் பார்த்துக்கொண்டவள்

கண்டி டவுனில் பதினெட்டு வருசமாகப் பூட்டிக் கிடந்த தியேட்டரை மறுபடி திறக்கப்போகிறார்கள் என்றதும், கூட்டித் துடைக்கும் வேலை சுகிர்தாவுக்குக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் தீபாவளி என்றால் ஹந்தானை, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துச் சனமெல்லாம் லொறி பிடித்து இங்கேதான் வந்து இறங்கும். பெண் பார்ப்பதுகூட இடைவேளையில்தான் நடக்கும்.

பகல் பன்னிரண்டரை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு மணிக்கு ஆறு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். புருஷன் மோகனராஜ் ஆட்டோவில் கொண்டுவருவான். அதுவரை காலாறலாம் என்று நடு வரிசைக் கதிரையொன்றில் உட்கார்ந்தாள். ஒற்றை பல்ப் வெளிச்சம். ஈரச் சுவரின் பூஞ்சை வாடை. அதற்குள் எங்கிருந்தோ முகப்பவுடர் வாடை.

பக்கத்துக் கதிரையில் ஒருத்தி இருந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. வேலைக்கு வந்தவளாக்கும் என்று நினைத்தாள் சுகிர்தா.

"இந்த எடத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க. போயிட்டு வந்துர்றேன்," என்று கிசுகிசுத்தாள் அவள்.

படம் பார்க்கும் இடத்தில் இப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எந்தத் தோட்டத்துப் பொம்பளைக்கு மனசு வரும்? போனவள் திரும்பும்வரை பக்கத்தில் இருப்பவள் எழும்பக் கூடாது. அதுதான் வழக்கம். பாவி மகள், யோசிக்கவே இல்லை.

"சரி, போயிட்டு வாங்க."

அவள் எழுந்து போனாள். காலடிச் சத்தமே இல்லை.

ஒரு மணியானது. மார்பு கனத்து வலித்தது. சுகிர்தா எழும்பப் பார்த்தாள்.

முடியவில்லை.

கைப்பிடியைப் பற்றித் தம் கட்டித் தள்ளினாள். கதிரைதான் கிறீச்சிட்டது. கைப்பிடி மரத்தின் அடிப்பக்கத்தில் விரல்கள் எதையோ தடவின. நகக்கீறல்கள். ஒன்றல்ல, வரிவரியாக.

கத்தினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

பக்கவாட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"சுகி! புள்ள அழுவுது, எங்க இருக்க?"

பிள்ளையின் வீறிடல் கேட்டதும் அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. ஐயோ, இருபதடி தூரம்கூட இல்லையே! உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்று நெஞ்சுக்குள்ளேயே கதறினாள்.

"இந்தா வந்துட்டேங்க," என்றது வெளியே ஒரு குரல்.

அது சுகிர்தாவின் குரல்.

"இவ்வளவு நேரமா உள்ள என்ன செஞ்ச?" என்றான் மோகனராஜ்.

"ஒண்ணுமில்ல. புள்ளயத் தாங்க. வீட்டுக்குப் போவோம், இனி இந்த வேல வேணாம்."

பிள்ளையின் அழுகை நின்றது.

பால் குடிக்கும்போது மகள் போடும் சின்ன முனகல் கதிரையிலிருந்த சுகிர்தாவுக்கு நன்றாகக் கேட்டது. பிறகு ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.